தினசரியை முதலில் பிரிப்பவர்



சென்ற மாதம் பிள்ளைகளின் தமிழ்க் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் வீட்டின் மற்றொரு கோடியில் அமர்ந்திருப்பவரைப் பற்றி எழுத எண்ணம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் காலையில் எழுந்து, முகங்கழுவி, வாசலில் கிடக்கும் தினசரியை எடுத்துப் பிரிக்கின்றாரே, அந்தச் செயலில் அவர் அடையும் இன்பமே நமது விஷயம். "இதில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றது?" என்று சிலர் கேட்கலாம். நம் வீடுகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது உண்மைதான். மகன் அலுவலகத்துக்கு ஓடுகின்றான்; மருமகள் அடுப்படியில் நிற்கின்றாள்; குழந்தைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். அவ்வமளியின் நடுவே ஒருவர் மட்டும் அசையாமல் ஒரு காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றார். அவசர வேளையில் அவர் இடைஞ்சலாகக்கூடத் தோன்றலாம். ஆயினும், அவருக்கு முன்னால் வேறொருவர் அத்தினசரியைப் பிரித்துவிட்டால் அவர் முகம் எப்படிப் போகின்றது என்று கவனித்ததுண்டா? திரும்பச் சீராக மடித்துக் கொடுத்தாலும் அவர் சமாதானம் அடைவதில்லை. பிறர் கடித்த பழத்தைக் கையில் கொடுத்தாற்போலப் பார்ப்பார்.

இந்த முதற்பிரிப்பின் அருமையை நமக்கு உணர்த்தியவர், தில்லி மதராசி கேம்ப்பில் வாழ்ந்த ஒரு பெரியவர். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், பெரியவர் என்றே குறிப்பிடுவோம்.

மதராசி கேம்ப் என்ற பெயரைக் கேள்விப்படாத தில்லித் தமிழர் இரார். ஜங்க்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அது இருந்தது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டன. சென்னை ராஜ்யம் என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்று மாறிவிட்டது. ஆனால் வடநாட்டார் வாயில் நாம் மதராசிகளாகவே இருந்தோம். குடியிருப்புக்கும் அப்பெயரே நிலைத்தது. அங்கிருந்த பெண்களிற் பலர் ஜங்க்புரா, நிஜாமுதீன் பகுதி வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து வந்தனர். ஆடவர் கூலி வேலைக்கும் வண்டி ஓட்டவும் போயினர். பிள்ளைகளிற் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயின்றனர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். அச்சந்துகளில் ஒன்றின் முனையில், தகரக் கூரையின் கீழ், ஒரு மரப்பெட்டியின்மேல் அமர்ந்து பெரியவர் தினசரி படிப்பார்.

அவர் விழுப்புரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல், பள்ளிகளில் பகல் உணவுத் திட்டம் பரவிற்று. பெரியவர் பள்ளிக்குப் போனது அந்தச் சோற்றுக்காகத்தான். அவரே ஒளிக்காமல் சொல்வார். சோற்றுக்காகப் போனவருக்கு ஐந்தாம் வகுப்புக்குள் எழுத்தும் ஒட்டிக்கொண்டது. பிறகு நிலம் போயிற்று, தில்லி வந்தார். 1976இல் ஒரு தனியார் கம்பெனியில் பியூன் வேலை கிடைத்தது. அவ்வேலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தார்.

காலையில் அவருடைய முதல் கடமை, தினசரிகளைக் கட்டுப் பிரித்து அதிகாரிகளின் மேஜைமேல் வைப்பது. ஆங்கிலத் தினசரிகளும் இந்தித் தினசரியும் பலருக்கு. தமிழரான ஓர் அதிகாரிக்கு மட்டும் சென்னையிலிருந்து வரும் தமிழ்த் தினசரி. அது முந்திய நாளையது. சில வேளை அதற்கும் முந்தியது. எனினும் பியூன் அதைப் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அக்காரியாலயத்துச் சட்டம். மடிப்புக் கலையாமல், எழுத்து நாற்காலியை நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். மாலையில் குப்பைக் கூடைக்குப் போகும்போதுதான் அது அவர் கைக்கு வரும்.

"முப்பத்திரண்டு வருஷம் தம்பி, மடிப்புக்கு மேலே இருக்கிற தலைப்பு மட்டும்தான் எனக்கு. மடிப்புக்குக் கீழே என்ன போட்டிருக்கான்னு சாயந்தரம்தான் தெரியும்" என்பார். காலையில் பாதித் தலைப்பைப் பார்த்துவிட்டு, மீதி என்னவாயிருக்கும் என்று நாள் முழுதும் தேநீர் ஏந்திக்கொண்டே யோசிப்பாராம். பல நாட்களில் அவருடைய ஊகம் செய்தியை விட நன்றாயிருந்தது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாம் அவரை முதலிற் கண்டது நிஜாமுதீன் நிலையத்தில். நமக்கு அப்போது ரயில்வே வேலை புதிது. கன்னியாகுமரியிலிருந்து விழுப்புரம், சென்னை எழும்பூர் வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் அங்கேதான் வந்து முடிகின்றது. வண்டி வந்து பயணிகள் இறங்கிய பிறகு, துப்புரவுப் பணியாளரிடம் ஒருவர் பணிவாக ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். பயணிகள் இருக்கையில் விட்டுப்போன பழைய தமிழ்த் தினசரிகளைத்தான் அவர் கேட்டார். மதுரையில் வாங்கியது ஒன்று, திருச்சியில் வாங்கியது ஒன்று, முறுக்கு எண்ணெய் பட்டது ஒன்று. அவற்றைக் கையால் நீவி, தேதி வாரியாக அடுக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார். அப்போது அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாம் பின்தொடர்ந்து பேச்சுக் கொடுத்தோம். அன்று தொடங்கியது பழக்கம்.

தினமணிக்குத் தில்லிப் பதிப்பு வந்ததன்பின், அன்றன்றைய தமிழ்த் தினசரி அன்றன்று காலையிலேயே கிடைக்கும் என்று அறிந்து, அவர் சந்தா ஏற்பாடு செய்துகொண்டார். தொழிலாளர் வைப்பு நிதியைச் சேர்ந்த ஓய்வூதியம் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பர் முதல் விதிக்கப்பட்டது. பெரியவருக்கு வந்தது அதைவிடச் சற்றுத்தான் அதிகம். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தினசரிக்குப் போயிற்று. வீட்டில் சச்சரவு நடந்தது உண்டு. "பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, இது ஒண்ணுதான்" என்று அம்மையார் கடைசியில் விட்டுவிட்டார்.

நிற்க. அவர் தினசரி படிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

விடியுமுன் எழுந்துவிடுவார். சைக்கிள் மணி கேட்கும். பத்திரிகை போடும் பையன் சந்துக்குள் சைக்கிளைத் திருப்ப முடியாது. ஆதலால் முனையிலேயே நின்று நீட்டுவான். மாடி வீடுகளுக்குச் சுருட்டி நூல் கட்டி எறிவதுதான் தில்லி வழக்கம். ஆனால் பெரியவருடையதைச் சுருட்டக் கூடாது என்று பையனிடம் முதல் நாளே ஒப்பந்தம். மூடுபனிக் காலத்தில் நம் ரயில்களைப் போலவே பையனும் தாமதமாக வருவான். அந்நாட்களில் பெரியவர் நாலு முறை சந்து முனைக்குப் போய்வருவார்.

கைக்கு வந்ததும் உடனே பிரிக்கமாட்டார். முதலில் தேதியைப் பார்ப்பார், கிழமையைப் பார்ப்பார். பிறகு மடிப்பைத் திறந்து, மடிப்புக்குக் கீழே உள்ளதை முதலிற் படிப்பார். மேலே உள்ள பெரிய தலைப்புச் செய்தி காத்திருக்கும். இதற்குக் காரணம் நேயர்களுக்கே விளங்கும்.

அடுத்து, அணைகளின் நீர்மட்டம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி, சாத்தனூர் அணை 119 அடி. இன்று எத்தனை அடி என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு காணி நிலம்கூட இல்லாதவருக்கு அணையில் நீர் எவ்வளவு இருந்தால் என்ன என்று நாம் ஒருமுறை கேட்டுவிட்டோம். அவர் கோபிக்கவில்லை. "எங்க ஊர் ஆத்துக்குத் தண்ணி அங்கேருந்து வரணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். தென்பெண்ணையில் நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவருக்கு லாப நஷ்டம் இல்லை. ஆயினும் நீர்மட்டம் நூறு அடியைத் தாண்டிய நாளில் அவர் குரலே மாறியிருக்கும்.

பின்னர் நினைவஞ்சலி விளம்பரங்கள். அறிந்த முகம் ஏதேனும் உண்டா என்று பார்ப்பார். அறியாத முகங்களையும் பார்ப்பார். பிறகு தங்கம் சவரன் விலை. இது அவருக்காக அன்று. ஆறரை மணிக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்காக. "என்ன தாத்தா, இன்னிக்கு ஏறுதா இறங்குதா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். வாங்கப் போவது யாரும் இல்லை. எனினும் ஏறிற்று என்றால் ஒரு பெருமூச்சு, இறங்கிற்று என்றால் ஒரு சிரிப்பு. பிறகே முதற்பக்கம். தலையங்கத்தை இரண்டாவது தேநீருக்கு வைத்துக்கொள்வார். விளங்காத சொல் வந்தால் நகத்தால் அடிக்கோடிட்டு, மாலையில் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் கேட்பார். பேத்தி சில வேளை தனக்கும் தெரியாத பொருளைத் துணிந்து சொல்வாள். அவளுக்குத் தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததற்கு அந்த நகக் கோடுகளும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

ராசிபலனை அவர் படிப்பதில்லை. "நாளைக்கு என்ன நடக்கும்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்" என்பார்.

பிறருக்குப் படித்துக் காட்டுவதும் அவ்வின்பத்தில் ஒரு பகுதி. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சேமித்து வைத்திருந்த பெண்கள் மறுநாள் காலை பெரியவரைச் சூழ்ந்துகொண்டனர். எங்கே மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது, எந்தத் தேதிக்குள் கட்டுவது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். பெரியவர் தினசரியில் வந்த விதிகளை ஒவ்வொன்றாக, இரண்டு முறை, உரக்கப் படித்தார். வங்கியில் கட்டுவதற்கு டிசம்பர் 30 வரை காலம் உண்டு என்று கேட்டபிறகுதான் ஓர் அம்மாள் அழுகையை நிறுத்தினாராம். பாதி விலைக்கு நோட்டை வாங்கிக்கொள்கின்றேன் என்று வந்த ஒருவன் அன்று மாலை வெறுங்கையோடு திரும்பினான். காலையில் ஒருவர் நிதானமாகத் தினசரி படிப்பது சோம்பேறித்தனம் என்று நினைப்போர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் தினசரி படிக்கும் இப்பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. பாரதியார் 1904இல் அதில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் செய்திகளையும் தமிழாக்கினார். உலக விவகாரங்களைத் தமிழில் சொல்லச் சொற்களே போதாதிருந்த காலம் அது. பாரதியாரின் நினைவு நாளான செப்டம்பர் 11 அன்று, 1934இல், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வெளிவந்தது. பிற்காலத்தில் அதன் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த ஏ.என். சிவராமன், கணக்கன் என்ற புனைபெயரில் பொருளாதாரத்தைக்கூடச் சாமானியருக்கு விளங்கும்படி எழுதினார். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்போரும் படிக்கலாம்படி சிறு வாக்கியங்களில் செய்தி தந்தது. தேநீர்க் கடைப் பலகையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டது அப்படித்தான் ஏற்பட்டது. நம் பெரியவரும் அந்தப் பலகையில் பிறந்த படிப்பாளிதான்.

வடக்கே வந்தவர்களுக்கோ தூரம் ஒரு தடையாயிருந்தது. சென்னைக்கும் தில்லிக்கும் ரயில் பாதையில் 2,180 கிலோமீட்டர். ரயிலில் ஏறிய தினசரி இங்கே இறங்கும்போது இரண்டு நாள் பழையதாகிவிடும். தி ஹிந்து ஆங்கில நாளிதழ் 1963இல் பிரதிகளைக் கொண்டு செல்லச் சொந்த விமானங்களையே வைத்துக்கொண்டது. 1986இல் செயற்கைக்கோள் வழியாகப் பக்கங்களை அனுப்பத் தொடங்கிற்று. தமிழ்த் தினசரிக்கு அத்தகைய வசதி வர வெகுகாலம் ஆயிற்று. அக்காலத்தில் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலத்தில் செய்தியை முதல் நாளே அறிந்துகொண்டு, தமிழில் அதையே இரண்டாம் நாள் மறுபடியும் படித்தவர்கள் உண்டு. அறிந்த செய்தியை மறுபடியும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர், தாய்மொழியில் கடிதம் வந்தால் அதை எத்தனை முறை படித்தார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இப்போது கைப்பேசியில் எல்லாம் வந்துவிடுகின்றதே என்பது அடுத்த கேள்வி. வருகின்றது, மறுக்கவில்லை. பெரியவர் மகனிடமும் கைப்பேசி உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அன்று மதராசி கேம்ப்பில் யாருக்கும் ஊரோடு பேச முடியவில்லை. அணை உடைந்துவிட்டது என்று கைப்பேசியில் ஒரு செய்தி சந்து சந்தாகப் பரவியது. அதை அனுப்பியவர் யார் என்று கேட்டால், எல்லோருக்கும் வேறொருவர் அனுப்பியதுதான். மறுநாள் காலை, பையன் வருமுன்னரே, சந்து முனையில் முப்பது பேர் நின்றிருந்தனர். பெரியவர் அன்று தேதியையும் கிழமையையும் பார்க்கவில்லை. நேரே அணைச் செய்தியைப் பிரித்தார். அணை உடையவில்லை, நீர் திறந்துவிடப்பட்டது, எந்தெந்தக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை என்று வரிசையாகப் படித்தார். தம் ஊர்ப் பெயர் வராதவர்கள் நிம்மதியோடு கலைந்தனர். வந்தவர்கள் அன்றிரவே ரயிலேறினர். அவர்களில் இருவருக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் இடம் பிடித்துக் கொடுத்தது நமக்கு நினைவிருக்கின்றது.

2020இல் நாடு முழுவதும் ஊரடங்கிய காலத்தில் மட்டும் சில வாரங்கள் தினசரி நின்றது. திரும்ப வந்தபோது காகிதத்தில் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று மகன் தடுத்தான். பெரியவர் அதைக் கொடியில் போட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்துப் படித்தார். காய்ந்த தினசரி மொறமொறவென்று அப்பளம் போல் இருந்ததாம்.

இனி வருத்தமான பகுதிக்கு வருகின்றோம்.

பாராபுல்லா வடிகாலில் நீரோட்டம் தடைப்பட்டு, மழைக்காலத்தில் சுற்றுப்புறங்களில் வெள்ளம் தேங்குகின்றது என்ற வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி ஜூன் 1 முதல் மதராசி கேம்ப் அகற்றப்பட்டது. இருந்த வீடுகள் 370. அவற்றுள் 215 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டு, நரேலாவில் அடுக்குக் கட்டடங்களில் இடம் பெற்றன. ஏனையோர்க்கு அது இல்லை. ஊர் திரும்ப விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வடிகால் வேண்டும் என்பதும் நியாயம். ஐம்பது ஆண்டு குடியிருந்தவனுக்கு இடம் வேண்டும் என்பதும் நியாயம். இரண்டும் ஒரே கரையில் வந்து நின்றன.

தகுதியை நிலைநாட்ட வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை முதலிய சான்றுகள் கேட்கப்பட்டன. பெரியவரிடம் அவை இருந்தன, வீடும் கிடைத்தது. ஆனால் அவர் சான்றுகளைத் தேடியபோது தகரப் பெட்டியிலிருந்து முதலில் எடுத்து வைத்தவை, பத்திரிகை முகவர் மாதந்தோறும் கொடுத்த ரசீதுகள். ஒரு மாதம் விடாமல் நூலில் கோத்து வைத்திருந்தார். "இந்த வீட்டுக்குத் தினமும் பேப்பர் வந்திருக்குன்னா, இங்கே தினமும் ஆள் இருந்திருக்கான்னுதானே அர்த்தம்?" என்று நம்மைக் கேட்டார். அது சான்றாகாது என்று நாம்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாமும் ஒரு குமாஸ்தா. எது செல்லும், எது செல்லாது என்று பார்ப்பதே நம் தொழில். ஆயினும் அன்று அவ்வாறு சொல்வது எளிதாயில்லை.

ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. இயந்திரங்கள் வருமுன், விடியலில், பையன் வழக்கம்போல் சந்து முனைக்கு வந்தான். பெரும்பாலான வீடுகளில் சாமான் வெளியேறியிருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் தினசரியைச் சுருட்டாமல் நீட்டினான். பெரியவர் அதைப் பிரிக்காமல், பேத்தியின் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியேறினார்.

மறுநாள் தினசரியில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்ட செய்தி வந்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. நாம் ஒரு பிரதியைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்த விடுமுறையன்று நரேலாவுக்குக் கொண்டுபோனோம். ஜங்க்புராவிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தில்லியின் வடக்கு எல்லை. புது வீட்டில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து அவர் அதைப் பிரித்தார். தேதி பார்த்தார். கிழமை பார்த்தார். பிறகு அச்செய்தியை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தார். நாம் அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்த்திருந்தோம்.

"கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். சற்று நேரம் கழித்து, "இவ்வளவுதானா தம்பி?" என்றார்.

என்ன விடுபட்டது என்று கேட்டோம். ஒன்றும் விடுபடவில்லை, எல்லாம் இருக்கின்றது என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அசாம்ல வெள்ளம், இத்தனை வீடு போச்சுன்னு வருஷா வருஷம் நாலு வரி வருமே. அதைப் படிச்சிட்டுத் தங்கம் விலைக்குப் போயிடுவேன். அங்கேயும் ஒருத்தன் இதே மாதிரி உட்கார்ந்து, இவ்வளவுதானான்னு பார்த்திருப்பான் இல்லே?"

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி படிப்பவரிடமிருந்து இதைக் கேட்டபோது நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இப்போதைய நிலைமை யாதெனில், அவர் குடியிருக்கும் கட்டடத்துக்கு வரும் பத்திரிகைக்காரர் தமிழ்த் தினசரி கொணர்வதில்லை. ஒரே ஒரு பிரதிக்காக அவ்வளவு தூரம் வரவழைக்க முடியாது என்கின்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே நாமும் நண்பர் ஒருவரும் வாரம் முழுவதும் தினசரிகளைச் சேர்த்து, ஞாயிறுதோறும் நரேலாவிலிருந்து வேலைக்கு வந்து திரும்பும் ஒருவர் கையில் கட்டாகக் கொடுத்தனுப்புகின்றோம். பிரிக்காமல் அனுப்புகின்றோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு நாள் தினசரி ஒரே நாளில் கிடைத்தால் வேறொருவர் கடைசி நாளையதைத்தான் முதலில் எடுப்பார். பெரியவர் அவ்வாறு செய்வதில்லை. திங்கட்கிழமையில் சென்ற திங்கட்கிழமையின் தினசரி. செவ்வாயில் சென்ற செவ்வாயினுடையது. உலகம் அவருக்கு ஒரு வாரம் பின்தங்கி, ஆனால் வரிசை தப்பாமல் நடக்கின்றது. ஒருநாள் பேத்தி, நடந்து முடிந்துவிட்ட தேர்தல் முடிவைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்ல வந்தபோது, "சொல்லாதே, எனக்கு இன்னும் வியாழக்கிழமை வரலை" என்று காதைப் பொத்திக்கொண்டாராம்.

பேத்தியின் பள்ளியைப் பற்றித் தனியே எழுத வேண்டும். லோதி எஸ்டேட்டுக்கு நாள்தோறும் போய்வருவது குழந்தைகளுக்கு ஆகும் காரியம் அன்று. அதை வேறொரு மாதம் பார்ப்போம்.

பத்திரிகைக்காரர் ஒரு வாக்குக் கொடுத்திருக்கின்றார். பத்துப் பிரதிக்குச் சந்தா சேர்ந்தால் நாள்தோறும் காலையில் கொண்டுவந்து போடுவதாகச் சொல்கின்றார். பெரியவர் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகின்றார். முழங்கால் வலிக்கு அது நல்லதன்று என்று அம்மையார் நம்மிடம் முறையிட்டார். நாம் கடைசியாகப் பார்த்தபோது ஏழு பெயர் சேர்ந்திருந்தது. அவற்றுள் ஒருவர், முன்பு சந்து முனையில் தங்கம் விலை கேட்ட அம்மாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியவர் படித்துச் சொல்வதாக உடன்பாடு. பிரதியைப் பிரிக்கும் உரிமை மட்டும் அம்மாளுடையது.

நரேலாவில் உற்றார் உறவினர் உள்ள நேயர்கள் இதை அவர்கள் காதில் போட்டு வைக்குமாறு வேண்டுகின்றோம். பெயர் தர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் சொல்லலாம். நாம் பெரியவருக்குத் தெரிவிப்போம். இவ்விதழ் அச்சுக்குப் போகும் நாளில், இரண்டாவது மாடியில் எட்டாவது பெயர் சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்திருக்கின்றது.